மூச்சில் வரும் எண்

ஐந்தாவது தடவை ஊதி முடித்துக் குழலைத் திருப்பிக் கொடுத்தபோது திருமேனியின் கைக்கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தைந்து. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தேழு. அது இரண்டு நிமிஷம் முந்துகிறது என்பதைக் காலையில் வந்து உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டார், சொல்லலாமா என்று வாயெடுத்தார், எதற்கு என்று விட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர் வேலை பார்த்தவருக்கு இரண்டு நிமிஷம் என்பது இரண்டு டிரைவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கப் போதுமான நேரம். இங்கே அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பெனாசிர் என்று பெயர் குத்திய வெள்ளைக் கோட்டுப் பெண் மெஷினைக் குனிந்து பார்த்து "அஞ்சு" என்றாள், தாளில் எழுதினாள், "உக்காருங்கய்யா, தூங்கிடாதீங்க, நடக்காதீங்க, தண்ணி கேக்காதீங்க" என்று ஐந்தாவது தடவையாகச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். நாலு, ஐந்து, நாலு, ஆறு, ஐந்து. இருபத்துநாலு வர வேண்டும். டாக்டர் விளக்கியதை அவர் தமக்குத் தெரிந்த விதத்தில்தான் புரிந்துவைத்திருந்தார்: வயிறும் ஒரு பஸ் ஸ்டாண்டு, கோடிக்கணக்கான கிருமிகள் அதில் நிற்கின்றன, கெட்டவை மட்டுமல்ல, நல்லவையும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, பெருங்குடலில் நிற்க வேண்டியவை இடம் மாறி சிறுகுடலுக்குள் வந்து மறித்துக்கொண்டால், உடம்பில் சேர வேண்டிய பாலையும் பருப்பையும் முதலில் அவை ஏறிப் பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டு வாயுவைக் கிளப்பும், அந்த வாயு ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சில் வெளியே போகும். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில் இந்தச் சர்க்கரைத் தண்ணீர், அதனால்தான் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதல், மொத்தம் பத்து. முதல் எண்ணிலிருந்து இருபது ஏறினால் கிருமிகள் இடம் மாறி நிற்கின்றன என்று அர்த்தம். முதல் எண் நாலு. ஆக இருபத்துநாலு. வந்தால் கோளாறு வயிற்றில். வராவிட்டால் செம்மலர் சொன்னது சரி.

செம்மலர் அவருடைய மருமகள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வரிசை நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், இங்கிருந்து அவளுடைய பின்னலும் மஞ்சள் துப்பட்டாவின் ஓரமும் மட்டும் தெரிந்தன. தாலுகா ஆபீசில் தட்டச்சர், இதற்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், மகன் முருகவேல் வேலை விஷயமாக ஓசூர் போய்விட்டான். பின்னலைப் பார்த்தால் கோபம் தெரியுமா? தெரியாது. முகத்தைப் பார்த்தாலும் தெரியாது, அவள் அப்படிப்பட்டவள், மாமா என்றுதான் கூப்பிடுவாள், சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வரும்போது சமையலறைக்குள்ளிருந்து அவள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது கேட்டது. "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. நம்ம கை சோறு இறங்கல, அவ்வளவுதான். வாயத் திறந்து சொல்ல மாட்டாரு, வயித்தத் தொட்டுக் காட்டுவாரு." ஈரத் துண்டோடு அங்கேயே நின்றார். மறுபடியும் மாடிக்கு ஏறிப் போய், காய்ந்துகொண்டிருந்த வேட்டியை எடுத்து உதறி, திரும்பவும் அதே கொடியில் போட்டுவிட்டு, இந்தத் தடவை செருப்பைத் தரையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். நம்ம கை. ஊரில் அவளுடைய ஆட்களுக்குத் தெரு தனி, கிணறு தனி, அதெல்லாம் ஒரு காலம். முருகவேல் வந்து இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சி புருஷன் வந்து குதித்தான், "உம் மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊர்ல எப்புடி நடப்ப மச்சான்?" என்றான், அவனை அங்கேயே விட்டுவிட்டு நேரே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான், பதினொன்று நாற்பதுக்கு. அதை அவளிடம் சொல்ல வேண்டும். அவளும்தான் பக்கத்தில் இருந்தாளே, பார்த்தாளே. பார்த்தவளிடம் எதைச் சொல்வது.

வயிறு லேசாகப் பொருமியதா? இல்லை. கையை வைத்துப் பார்த்தார். வேண்டாத நாளில் எல்லாம் டமாரம் மாதிரி வீங்குகிற வயிறு இன்றைக்குச் சாதுவாக இருக்கிறது. சட்டைப் பையில் சின்ன நோட்டு இருந்தது, அதை எடுக்காமலே பக்கங்கள் தெரியும். மகன் வீட்டுக்கு வந்து பதினாலு மாதம். தயிர் சாதம் ஒன்பது தடவை, எட்டுத் தடவை கோளாறு. பால் காப்பி ஆறு, ஆறுக்கு ஆறும். பருப்புக் குழம்பு, கொண்டைக்கடலை, கோதுமை தோசை, ஒவ்வொன்றாகக் கைவிட்டுக் கைவிட்டு இப்போது வெறும் ரசம் சோறும் அவித்த கேரட்டும். செம்மலர் ஒவ்வொன்றையும் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே போனாள், ஏன் என்று கேட்கவில்லை. நோட்டில் ஒரு நாள் இல்லை. பங்குனி மாசம் மகனோடு கல்யாண வீட்டுக்குப் போனபோது பால் பாயசம் இரண்டு கரண்டி சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை, பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்குத்தான் எழுந்தார். அதை எழுதவில்லை. பேனாவைத் திறந்தார், தேதி போட்டார், மூடிவிட்டார். முப்பத்தோரு வருஷத்தில் வந்த பஸ்ஸை வராத பஸ் என்று ஒரு நாள் எழுதியதில்லை, ஏதோ ஒரு கம்பெனி முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டும் எழுதியதில்லை. அந்த ஒரு பாயசத்தை மட்டும் எழுதவில்லை.

எதிர் நாற்காலிக்காரர் பெரிதாக ஏப்பம் விட்டார். சொக்கலிங்கம், மனை வாங்கி விற்பவராம், வந்த பத்து நிமிஷத்தில் பெயர், தொழில், வயிற்றின் சரித்திரம் எல்லாம் சொல்லிவிட்டார். "இந்த ஊதல ஊதுனா நான் எப்பவோ நாயனக்காரனா ஆயிருப்பேன் சார். உங்களுக்கு எவ்வளவு காட்டுது?" என்றார். "அஞ்சு" என்றார் திருமேனி. "அஞ்சுதானா? பரிட்சையில பெயிலாயிருவீங்க போல." பெனாசிர் வந்து அவரை ஊதச் சொன்னாள், மூன்றாவது ஊதல்தான், மெஷினைப் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். "முப்பத்தெட்டு. உங்களுக்கு ஏறிடுச்சு சார், போதும்." சொக்கலிங்கம் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். "பாஸ்! வீட்ல சும்மா சொல்றேன் சும்மா சொல்றேன்னாளுவ, இப்ப வரட்டும்." தாளை மடித்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கும் ஏறும் சார், மனசத் தளர விடாதீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். ஆளுக்கு ஆள் வயிறு வேறு. அந்த மனிதர் போகும்போது கதவு திறந்து மெதுவாகத் தானே மூடிக்கொண்டது, மூடுவதற்குள் செம்மலரின் குரல் துண்டாகக் கேட்டது, "பதினொன்றரைக்கு வந்துருவேன் சார், அந்தப் பட்டா ஃபைலை மட்டும்…" கதவு முழுதாக மூடிக்கொண்டது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஆறு. பத்தே காலுக்கு ஐந்து. ஏசி காற்று நேரே கழுத்தில் விழுந்தது, நாற்காலியைத் தள்ளிப் போடலாம் என்று பார்த்தால் நாலு நாற்காலியும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்தன. சுவரில் குடலின் படம், சுருட்டி வைத்த குழாய் மாதிரி. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை இரண்டு மணி நேரத்தில் இருபது தடவையாவது படித்திருப்பார், எட்டாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டினால் எதையும் படித்துவிடலாம், நுண்ணுயிர்க்கொல்லி என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் ஒவ்வொரு தடவையும் நின்று நின்று போனார். நுண்ணுயிரைக் கொல்வது. டாக்டர்கூடக் கேட்டார், "மாத்திரை அடிக்கடி போடுவீங்களா?" "இல்லைங்க, நான் மருந்தே தொட மாட்டேன்." பெருமையாகச் சொன்னார். காலையில் ஃபாரத்தைச் செம்மலர் படிக்கப் படிக்கப் பதில் சொன்னார், கடைசி நாலு வாரத்தில் கிருமிக்கான மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா, இல்லை, அவள் இல்லை என்பதில் டிக் போட்டாள். இல்லைதானே? கிருமி மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு, அட்டை, ஊசி. போன வாரம் கடைவாய்ப் பல் வலித்ததற்கு மெடிக்கலில் வாங்கினது செட்டு மாத்திரை. பஸ் ஸ்டாண்டில் யாரும் அதை மருந்து என்று சொல்ல மாட்டார்கள், டீ சாப்பிடுகிற மாதிரி அது, பல்லுவலி ஒரு செட்டு குடு, காய்ச்சல் ரெண்டு வேளைக்கு குடு, கடைக்காரர் நாலு டப்பாவிலிருந்து எடுத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார், ஒரு வெள்ளை, ஒரு ஆரஞ்சு, ஒரு குட்டி மஞ்சள், அப்புறம் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல். கேப்சூல். படத்துக்குக் கீழே, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில், சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றை வரைந்திருந்தார்கள். இரண்டு மணி நேரமாக அதைப் பூ என்றோ என்னவோ நினைத்துக்கொண்டிருந்தார்.

விரல் விட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வேளைக்கு ஒன்று, மொத்தம் ஆறு. இன்று புதன். கடைசி மாத்திரை போட்டு ஆறு நாள். கிருமி செத்துப் போயிருந்தால் எண் எப்படி ஏறும். அதற்கு முன்னால், வருஷத்துக்கு ஐந்து செட்டு என்று வைத்துக்கொண்டால், செட்டுக்கு நாலு வேளை, இருபது, முப்பத்தோரு வருஷத்துக்கு அறுநூற்று இருபது கேப்சூல். தூசுக்கு, தொண்டைக்கு, மழையில் நனைந்ததற்கு, மனைவி தங்கபொண்ணு செத்த வாரம் தூக்கம் வராததற்குக்கூட. நல்ல கிருமி கெட்ட கிருமி எல்லாவற்றையும் துரத்திவிட்டுக் காலி ஸ்டாண்டில் எது வேண்டுமானாலும் வந்து நிற்கட்டும் என்று விட்டது அவர்தான். அப்படியென்றால் வயிறுதான். நிச்சயமாக வயிறுதான், கணக்கு நேராக வருகிறது. உடனே எழுந்து அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். சொன்னால்? டெஸ்டு ரத்து, செம்மலரின் அரை நாள் போச்சு. அது மட்டுமா, ஏழு தடவை ஊதி ஏழு தடவையும் எண் ஏறாத பிறகு சொன்னால், தோற்கிற நேரத்தில் ஆட்டத்தைக் கலைக்கிறவன் மாதிரி இருக்காதா, பாருங்கம்மா, அங்கயும் போயி ஒரு சாக்கு என்று அவள் போனில் சொல்ல மாட்டாளா. சொல்லாவிட்டால்? பதினொன்றே காலுக்குத் தாள் வரும், நார்மல் என்று அச்சடித்து வரும், தாலுகா ஆபீசில் தினமும் நூறு தாளைப் படிக்கிறவள் அதை ஒரு தடவை படிப்பாள், மடிப்பாள், பைக்குள் வைப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அந்தத் தாள் அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அவர் தட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும். சொன்னாலும் போச்சு சொல்லாவிட்டாலும் போச்சு. கழுத்தில் ஏசி. காலை மாற்றிப் போட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் பின்னல் அசையாமல் இருந்தது.

பத்து முப்பத்தைந்துக்கு ஏழு. "ரெண்டே ரெண்டுதான் இருக்கு, பொறுத்துக்குங்க" என்றாள் பெனாசிர். அவர் தலையாட்டினார். சொல்வதற்கு அதுதான் நேரம், அவள் பக்கத்தில் நின்றாள், பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள், நெற்றியில் சின்னதாகப் பரு. அவர் சொல்லவில்லை. போய்விட்டாள். ஏன் சொல்லவில்லை? கூச்சம் என்று சொல்லிக்கொண்டார். அவ்வளவுதானா என்று உள்ளே ஏதோ கேட்டது. இருபத்துநாலு வந்தால் மட்டும் என்ன? இருபத்துநாலு என்ன, சொக்கலிங்கத்துக்கு வந்த முப்பத்தெட்டே வரட்டும். அவர் இதுவரைக்கும் சுற்றிச் சுற்றி வந்து பக்கத்தில் போகாமலே விட்ட ஒன்று இருந்தது, இப்போது வேறு போக்கிடம் இல்லாமல் அதன் மேலேயே போய் இடித்துக்கொண்டார். பதினாலு மாதத்துக்கு முன்னால், வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம், ஐந்து பத்துக்கு, செம்மலர் டீ போட்டுக் கொண்டுவந்தாள். எவர்சில்வர் தம்ளர், விளிம்பு மடித்தது. அவர் அதைக் கையில் வாங்கி முக்காலியில் வைத்தார். சுடும் என்று வைத்தார். பஸ் ஸ்டாண்டில் நாளைக்கு எட்டு டீ குடித்தவர், கொதிக்கக் கொதிக்கக் குடித்தவர், எல்லா வாயும் பட்ட கண்ணாடிக் கிளாஸ், ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த கிளாஸ், யார் வாய் எது வாய் என்று ஒரு நாள் நினைத்தது கிடையாது. அந்த வீட்டில், அவர் மகன் வீட்டில், பளபளவென்று விளக்கி வைத்த தம்ளர். ஆடை படிகிற வரைக்கும் ஆறவிட்டார். பிறகு எடுத்து, முகத்தை நிமிர்த்தி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். டீயை. ஆடை மீசையில் விழுந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார். அவள் அதற்கு முன்பே உள்ளே போய்விட்டாள், பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து வாய் வைத்துத்தான் குடித்தார். ஒரே ஒரு தடவை. ஏன் என்று அன்றைக்கும் தெரியாது, கை தானாகத் தூக்கியது, அவருடைய அப்பா வெளியிடத்தில் தண்ணீர் குடிப்பது அப்படித்தான், சில வீடுகளில் அதுவும் குடிக்க மாட்டார். ஒரே தடவைதானே. ஆனால் தேதி இருக்கிறது. நோட்டில் முதல் வயிற்று வலி எழுதியிருப்பது வந்து இறங்கிய முப்பத்தாறாவது நாள். டீ முதல் நாள். அன்றைக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. கேப்சூல் காரணம் இல்லை, கிருமி காரணம் இல்லை, எந்த மெஷினும் எந்த எண்ணும் அந்த முப்பத்தைந்து நாளைத் தாண்டி முன்னால் போய் நிற்காது. வயிறு பொய் சொல்லவில்லை, அது தன் பாட்டுக்கு வலித்தது. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது யார்?

பத்து ஐம்பத்துமூன்றுக்குப் பெனாசிர் புதுக் குழலை உறையிலிருந்து பிரித்தாள். அவர் எழுந்து நின்றார்.

"உக்காருங்கய்யா. உக்காந்துதான் ஊதணும்."

"ஊதலம்மா. தப்பு நடந்துபோச்சு. போன வாரம் மாத்திரை போட்டேன்."

"என்ன மாத்திரை?"

"செட்டு மாத்திரை. பல்லு வலிக்கு." சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "அது இருந்துச்சு அதுல. ஆறு."

பெனாசிர் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஃபாரத்துல இல்லைன்னு போட்டிருக்கீங்களே."

"அத மருந்துன்னு நெனைக்கலம்மா."

"வேற என்னன்னு நெனச்சீங்க, மிட்டாயின்னா?" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "எட்டு தடவை ஊதுனீங்களே ஐயா, ஒரு வார்த்தை… கடைசி மாத்திரையிலேருந்து இருபத்தெட்டு நாள் ஆகணும். இது செல்லாது."

"இன்னும் இருபத்திரண்டு நாள்" என்றார் திருமேனி.

தாளின் குறுக்கே அவள் ஒரு கோடு போட்டாள். அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வெளியே சூடாக இருந்தது, பினாயில் வாசனை. செம்மலர் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுந்தாள். "முடிஞ்சுதா மாமா? என்ன வந்துச்சு?" அவர் சொன்னார். மாத்திரையைச் சொன்னார், நாளைச் சொன்னார், இருபத்திரண்டு நாளையும் சொன்னார். அவள் பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான், கோபப்படக்கூட இல்லை. "சரி வாங்க. அந்த மெடிக்கல்காரன நான் பாத்துக்கறேன்" என்று திரும்பினாள். இப்படியே அவள் பின்னால் போய்விடலாம், ஸ்கூட்டரில் ஏறிக்கொள்ளலாம், ரசம் சோறு சாப்பிடலாம். இருபத்திரண்டு நாள் அவகாசம் கிடைத்திருக்கிறது, அதற்குள் என்னென்னவோ நடக்கலாம்.

"வந்த அன்னைக்கு டீ குடுத்தியேம்மா" என்றார்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"அத நான்…"

"அண்ணாந்து குடிச்சீங்க. பாத்தேன்." லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். "டீயப் போயி யாரு மாமா அண்ணாந்து குடிப்பா? நாக்கு சுடாதான்னு நெனச்சேன். அப்புறந்தான் ஆற வச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது."

"அப்ப பாத்துட்டுத்தான்…"

"பாத்துட்டுத்தான் பதினாலு மாசம் ஆக்கிப் போட்டேன். உங்க வயித்து வலி பொய்யின்னு இப்ப நான் நெனைக்கல. பாத்ரூம் கதவுக்கு வெளியில நின்னு உங்க முனகல் சத்தம் கேட்டிருக்கேன், அது நடிப்பு இல்லன்னு தெரியும். அது வேற மாமா. இது வேற. இதுக்கு எதுக்கு நீங்க வந்து ஊதணும்?"

லிஃப்ட் வந்தது. இருவரும் உள்ளே போனார்கள். நாலு பேர் நிற்கிற பெட்டி, மூன்று பக்கமும் தகரம், காற்றாடி ஓடவில்லை. அவள் கதவைப் பார்த்து நின்றாள், அவர் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்றார். கதவு மூடியது.

"ஏன்னு மட்டும் கேக்கணும்னு இருந்துச்சு" என்றாள், கதவைப் பார்த்தே. "இப்பச் சொல்ல வேணாம். இருபத்திரண்டு நாள் இருக்குல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

மேலே சிவப்பு எழுத்தில் நாலு. யோசிப்பதற்கு என்ன இருக்கிறது. மூன்று. அப்பாவைச் சொல்லலாம், பழக்கம் என்று சொல்லலாம், கை தானாகத் தூக்கியது என்று சொல்லலாம், அதெல்லாம் உண்மைதான், உண்மையாக இருப்பதுதான் தொந்தரவு, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் போய் நின்றுகொள்ளலாம். இரண்டு. இன்னும் சில நொடியில் தரைக்கு வந்துவிடும், வெளியே ரோடு, ஹாரன் சத்தம், ஸ்கூட்டர், அங்கே போய்விட்டால் இருபத்திரண்டு நாள் இல்லை, இருபத்திரண்டு வருஷமானாலும் சொல்ல மாட்டார், அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்று.

"நீ எந்தத் தெருப் பொண்ணுன்னு நெனச்சுத்தாம்மா" என்றார் திருமேனி.

லிஃப்ட் குலுங்கி நின்றது. கதவு திறந்தது. வெளியே வெயில், மருந்துச் சீட்டோடு ஒரு அம்மாள் உள்ளே பார்த்துவிட்டு, இறங்குவார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். செம்மலர் நகரவில்லை. அவள் நகராமல் அவர் நகர முடியாது. அந்த அம்மாள், "மேலயா போறீங்க?" என்று கேட்டாள். இறங்கவும் ஏறவும் ஆளில்லாமல் கதவு தானாக மூடிக்கொண்டது.